மாமன் மடி

காது குத்துக்கு மாமன் மடி வேண்டும். மாமனுக்கு மூளை ஒழுங்காக இருக்க வேண்டும் என்று எந்தச் சம்பிரதாயமும் சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில்தான் ராஜ்குமார் ஓசூரிலிருந்து கல்லாவிக்குப் பஸ் ஏறினான்.

ஆடி மாதம் அவனுக்கு லேசாகப் பக்கவாதம் வந்து போனது. கை கால் விழவில்லை. ஆனால் இடது கையைத் தொட்டால் வலது கையில் தொட்டது போலிருந்தது. இடது முழங்கையில் கொசு கடிக்கும். அவன் வலது முழங்கையில் அடித்துக்கொள்வான். கொசுக்களுக்கு அது நல்ல காலம்.

தொடு உணர்ச்சி பக்கம் மாறி விழுகிறது, சரியாகும் வரை மெஷின் பக்கம் போகாதே என்றார் டாக்டர். ராஜ்குமார் கம்பெனியில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினுக்கே திரும்பிப் போனான். கையைப் பார்த்துக்கொண்டே செய்தால் தப்பு வராது. அங்கே சூப்பர்வைசர் அவன் தங்கை ஜெயப்ரியாவின் புருஷன் அசோக்குமார். தெரிந்தால் சொந்தம் என்று பார்க்க மாட்டார், சேஃப்டி என்று பார்ப்பார். கான்ட்ராக்ட் ஆளுக்கு அதற்கப்புறம் கம்பெனி கேட்டுக்கு வெளியேதான் இடம்.

கோயிலில் ஜெயப்ரியாவின் குழந்தையை அவன் மடியில் வைத்தார்கள்.

"ரெண்டு கையையும் கெட்டியா புடிச்சிக்கப்பா" என்றார் காது குத்தும் பத்தர்.

பிடித்தான். கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பி கிட்டே வந்ததும் குழந்தை உதட்டைப் பிதுக்கியது. அவன் அதன் முகத்தைப் பார்த்துவிட்டான். அந்த நேரம் அவன் இடது கையிலிருந்த பிஞ்சுக் கை நழுவியது. வலது கையில் நழுவுவதாக அவனுக்குத் தோன்ற, வலது கையை இறுக்கினான். விடுபட்ட கை பத்தரின் மணிக்கட்டைத் தட்ட, கம்பி காது மடலைக் கிழித்தது.

"இந்தக் கைய வுட்டுட்டு அந்தக் கைய ஏன்ணா இந்த இறுக்கு இறுக்கின?" ஜெயப்ரியா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டியா மச்சான்?" என்றார் அசோக்குமார்.

ராஜ்குமார் பொங்கலுக்குக்கூடக் குடிக்காதவன். "கொஞ்சூண்டு, மாப்ளே" என்றான். கூட்டத்துக்கு நிம்மதியாகிவிட்டது. குடிகாரன் என்றால் திட்டுவதற்கு எல்லோரிடமும் வார்த்தை தயாராக இருந்தது.

ரத்தம் நின்றதும், பெரியப்பா மகன் அஸ்வின் மடிக்குக் குழந்தை போனது. ஜெயப்ரியா அண்ணன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நெசமாவே குடிச்சியா? வாசனையே வல்லியே. ஒடம்புக்கு எதுனா செய்யுதா, சொல்லுண்ணா."

நாலடி தள்ளி அசோக்குமார் நின்றிருந்தார்.

"பாக்கு போட்டுட்டேன்" என்றான்.

"இனிமே பாப்பாவத் தூக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அஸ்வின் மடியில் அடுத்த காது சுத்தமாகக் குத்தி முடிந்தது. தாய்மாமன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பந்திக்குப் போகிற வழியில் அசோக்குமார் அவன் தோளில் தட்டினார்.

"நாளைக்கு ஷிஃப்டுக்குத் தெளிஞ்சி வந்துடு, மச்சான்."

"வந்துடறேன்" என்றான் ராஜ்குமார்.