காயட்டும்

ஓட்டல் சமையல்காரருக்கு இரும்புக் கல்தான் உலகம். கல்லில் புகை எழும் முன் யாராவது எண்ணெய் விட்டால் கோபம் மூக்குக்கு மேல் வரும். “காயட்டும், காயட்டும்!” என்று வீட்டிலும் அவர் கத்திக் கத்தி, சமையலறைக் கூண்டில் இருந்த கிளியே அதைக் கற்றுக்கொண்டது.

மழைக்கு ஜன்னலைச் சாத்தியிருந்த ஒரு விடுமுறையன்று, மனைவி புதிதாக வாங்கிவந்த நான்ஸ்டிக் தவாவையும் வெறுமனே அடுப்பில் ஏற்றி அவர் தீயைக் கூட்டினார்.

“வெறும் தவாவக் காய வைக்காதீங்க. கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு.”

“எனக்கே அடுப்பு சொல்லித் தர்றியா?”

“காயட்டும், காயட்டும்!” என்றது கிளி.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “பாத்தியா, அதுக்கு இருக்கிற அறிவு உனக்கு இல்ல!”

தவா புகைந்தது. கிளி வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தது. மனைவி ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பதற்குள் பொத்தென்று விழுந்தது. துண்டில் சுற்றிக்கொண்டு இருவரும் கால்நடை மருத்துவரிடம் ஓடினார்கள். உயிர் போயிருந்தது.

“அந்த நான்ஸ்டிக் பூச்சு அளவுக்கு மேல சூடானா, வர்ற புகையப் பறவையோட நுரையீரல் தாங்காது,” என்றார் மருத்துவர். “வீட்ல யாரும் தடுக்கலயா?”

மனைவி கிளியைத் துண்டால் மூடியபடி சொன்னாள்:

“நான் தடுத்தேன். இதுதான் பாவம், அவரு பேச்சக் கேட்டுச்சு.”