சத்தம் முன்னால் வரும் வீடு

“படத்துல அந்த ஆள் சாகக் கூடாதுன்னா சாகக் கூடாது. நான் அதை வெட்டத்தான்...”

“வெட்டிட்டா ஆச்சா? வளைவுல பிரேக் போன லாரிக்கா அது தெரியும்...”

“லாரியும் வேணாம், அது உருள்ற சத்தமும் வேணாம்!”

“சத்தத்துல கை வைக்காதே. என்ன அருமையான சத்தம் அது. வேற படத்து மேல தூக்கி வை, லாரி உருண்டதுன்னு எவனுக்குத் தெரியப் போகுது?”

“நீ பஸ் ஓட்டுற வேலையைப் பாரு.”

இந்தச் சண்டை நடந்தபோது தம்பி வீட்டில் இல்லை. அவன் ஓட்டிய பஸ் மலையை விட்டே இன்னும் இறங்கவில்லை. சமையலறையில் அவன் குரல் மட்டும் இருந்தது. பிறகு அவன் வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதே சண்டையை முதலிலிருந்து வாயை மட்டும் அசைத்துப் போட்டு முடித்தான். சத்தம் முன்னாலேயே வந்து தீர்ந்து போயிருந்தது. அக்கா எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி, பதில் சொல்ல வேண்டிய இடங்களில் தலையை மட்டும் ஆட்டினாள்.

எல்லாம் ஒரு சிரிப்பு நடிகரால் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அக்காவுக்கும் பஸ் டிரைவர் தம்பிக்கும் கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை, சினிமா ஒன்றுதான். இருவருக்கும் உயிரான ஒரு படத்தில், அழுகை முட்டும் நேரம் பார்த்து அந்த நடிகர் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுவார். “இவர் மட்டும் இல்லேன்னா” என்று அக்கா ஒவ்வொரு தடவையும் சொல்ல, “அப்ப நீயே எடுத்துடேன்” என்று தம்பி ஒருநாள் சொல்லிவிட்டான். காசு கொடுத்து வாங்கிய டிவிடி தட்டிலிருந்து படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டு, துணி வெட்டுகிற மாதிரி நேராக வெட்டினாள். நடிகர் போனார். கூடவே பாட்டு நடுவில் அறுந்தது, கதாநாயகனின் நனைந்த சட்டை ஒரே நொடியில் காய்ந்தது. இப்படிப் படங்களைப் பிரித்து மறுபடி கோக்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்களில் ஒருவருக்குத் தையல்காரர் என்று பட்டப்பெயர். ஒட்டுப் போட்ட இடம் தெரியாதாம். அவர் இணையத்தில் எழுதினார்: சொந்தத் தட்டில் மட்டும் கை வையுங்கள், செய்ததை விற்காதீர்கள், சத்தத்தையும் படத்தையும் ஒரே இடத்தில் வெட்டாதீர்கள், சத்தம் முதலில் நுழையட்டும், ஆள் பின்னால் வரட்டும்.

அக்கா அப்படியே செய்தாள். ஒட்டு தெரியவில்லை. அன்று சாயங்காலமே தம்பியின் “அக்கா, தண்ணி” என்ற குரல் வீட்டுக்கு வந்தது. பால் பொங்குகிற நேரம் கழித்துத்தான் தம்பி வந்தான். அடுத்த படம் முடித்தபோது அவன் இருமலும் சாவிச் சத்தமும் தெருமுனையில் அடிக்கப் போகும் ஹாரனும் முன்கூட்டி வரத் தொடங்கின. படத்துக்குப் படம் இடைவெளி நீண்டது. பக்கத்து வீட்டில் இருந்தவள் அதே பஸ்ஸின் கண்டக்டர் பெண்டாட்டி. அவளுக்கு இதில் ஆச்சரியத்தைவிட வசதிதான் தெரிந்தது. “உன் தம்பி இருமிட்டானா? அரிசியைப் போடலாமா?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள்.

சண்டைக்குக் காரணமான அந்த லாரிப் படத்தோடு அக்கா மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் கூடத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. இரும்பு கல்லில் உரசி இழுபட்டது, நிற்காமல், நீளமாக. பிறகு கண்ணாடி, ஒன்றல்ல, மொத்தமும் சேர்ந்து உடைந்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு தம்பியின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி: “அக்கா... எல்லாம் போச்சே.”

கண்டக்டர் பெண்டாட்டி கரண்டியோடு ஓடி வந்தாள். “என்னம்மா சத்தம்? உங்க வீட்லதானே? எங்க வீட்டுக்காரரு ஏதாவது பேசினாரா?”

“இல்ல அண்ணி. தம்பி மட்டும்தான்.”

போனைப் போட்டார்கள். மலையில் சிக்னல் கிடையாது. சத்தம் வந்துவிட்டால் படம் வந்தே தீரும், இதுவரை ஒருநாளும் தவறியதில்லை. கூடத்தின் நடுவில் நின்ற அக்காவுக்கு, வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும் பஸ்ஸின் கண்ணாடிகள் கண்ணுக்குள் ஒவ்வொன்றாக வந்தன. அப்போதுதான் தம்பி சண்டையில் சொன்னது ஞாபகம் வந்தது. வேற படத்து மேல தூக்கி வை.

முதலில் இரும்பு நாற்காலியை இழுத்துப் பார்த்தாள். அது கீச்சென்று தன் சத்தத்தையே போட்டது. முன்னால் வந்த சத்தத்தோடு பொருந்தவில்லை. மூலையில் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அலமாரி நின்றது. அதற்குள் அப்பா அம்மா கல்யாணத்துக்கு வந்த பீங்கான், கண்ணாடி டம்ளர்கள், தம்பி பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகள், படத் தட்டுகள் எல்லாம் இருந்தன.

“பிடிங்க அண்ணி.”

“எதுக்கு? பைத்தியமா உனக்கு?”

“வாசல் வரைக்கும் இழுக்கணும். இழுவை நீளம். சீக்கிரம்.”

இருவரும் இழுத்தார்கள். அலமாரி நகர்ந்தது, கால்கள் தரையில் வெள்ளைக் கோடு கிழித்தன, ஒரு சத்தமும் வரவில்லை. கண்டக்டர் பெண்டாட்டி பாதியில் நின்று தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். “நிறுத்தாதீங்க” என்றாள் அக்கா. வாசற்படி வந்ததும் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அது குப்புற விழுந்து, உள்ளே இருந்ததெல்லாம் தூள்தூளாகி, பஞ்சு கொட்டியது போல ஓசையின்றிக் கூடமெங்கும் பரவியது.

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ‘எல்லாம் போச்சே’ என்ற அந்த வார்த்தைக்குத் தம்பியின் வாய் வேண்டும். இரண்டு பேரும் கண்ணாடிக்கு நடுவில் உட்கார்ந்து தெருவையே பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் அரிசி அடிபிடித்து வாசனை வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. வெயில் எதிர்ச்சுவரில் ஏறி, மங்கி, போய்விட்டது. கடைசியில் தெருமுனையில் கண்டக்டரின் பை தெரிந்தது. அவருக்கு முன்னால் தம்பி வந்துகொண்டிருந்தான். கண்டக்டர் பெண்டாட்டி கரண்டியைக் கீழே வைத்தாள்.

தம்பி வாசலுக்கு வந்து நின்றான். கவிழ்ந்த அலமாரியைப் பார்த்தான், அதில் நசுங்கிக் கிடந்த தன் கோப்பைகளைப் பார்த்தான். அவன் வாய் மெல்ல அசைந்தது. அக்கா அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, கடைசி எழுத்து வரை வாசித்தாள். அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டாள்.

“போனா போகுதுடா. செருப்பைக் கழட்டாம உள்ள வா, கூடம் பூரா கண்ணாடி.”