மூன்று பீப்பாய் குறைவு

எங்கள் குழாயில் இந்த முனையில் போகும் டீசல் அந்த முனையில் அப்படியே வந்து சேர்ந்ததாகச் சரித்திரமே இல்லை. சூட்டில் விரியும், மண்ணுக்கடியில் குளிர்ந்து சுருங்கும். ஒரு நாள் ஐந்து பீப்பாய் கூடும், மறுநாள் நான்கு குறையும். தினம் ஏழாயிரம் பீப்பாய் ஓடுகிற குழாயில் அதெல்லாம் கொசு. எழுபதுக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் கட்டுப்பாட்டு அறைக் கணினி வாயைத் திறக்கும். அதற்குக் கீழே என்றால் என் பாடு. தினக் கணக்கில் 'காரணம்' என்ற கட்டத்தில் நான் ஏதாவது எழுதியாக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக 'வெப்பநிலை' என்று எழுதுகிறேன். விரல் தானாகவே அடித்துவிடும்.

அன்று காலை பழைய பக்கங்களைச் சும்மா புரட்டினேன். மூன்று குறைவு, நான்கு குறைவு, மூன்று குறைவு. பத்தொன்பது நாளாக ஒரு நாள்கூடக் கூடவில்லை. வெப்பநிலை என்றால் கணக்கு இரண்டு பக்கமும் ஆட வேண்டும். ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தால் எங்கேயோ ஓட்டை.

இத்தனை நாள் நான் கவலைப்படாததற்கு என் புருஷன்தான் காரணம். குழாய் புதைந்திருக்கும் தடத்தில் தினமும் நடந்து, புல் கருகியிருக்கிறதா, வாடை அடிக்கிறதா, பள்ளத்துத் தண்ணீரில் எண்ணெய் மினுங்குகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. கணினிக்கு எட்டாத சின்னக் கசிவும் அவர் மூக்குக்கு எட்டும். ஆபீஸில் அவருக்கு 'நடராஜா சர்வீஸ்' என்றே பெயர். ஒன்றாம் அடையாளக் கல்லிலிருந்து பதினான்காம் கல் வரை, பத்தொன்பது நாளும் அவர் தாளில் டிக் இருந்தது. கட்டிய மனுஷன் டிக் போட்டிருக்கும்போது நான் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

மதியம் ஒரு மணிக்கு, அந்த முனையில் தொட்டி நிரம்பிவிட்டதென்று ஓட்டத்தை நிறுத்தினார்கள். மறுபடி ராத்திரி ஏழு மணிக்குத்தான். நல்லதாய்ப் போயிற்று என்று இரண்டு பக்க வால்வையும் மூடி, அழுத்தத்தை உள்ளேயே நிற்கவைத்துவிட்டு உட்கார்ந்தேன். டீசல் குளிரும்போது அழுத்தம் கொஞ்சம் இறங்கும், பிறகு நின்றுவிடும். அன்று அது நிற்கவே இல்லை. நான்கு மணிக்கு என் வேலை முடியும்போதும் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து வந்தவரிடம் ஒன்றும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். முதலில் என் புருஷனிடம் கேட்டுவிடலாம் என்றுதான். தப்பு என்று தெரிந்தேதான் செய்தேன்.

ஊழியர் குடியிருப்பில் எங்கள் வீடு. வாசலில் அவர் பூட்ஸ் பளிச்சென்று இருந்தது. பதினோராம் கல்லுக்கு அப்பால் சரிவில் எந்நாளும் ஈரக் களிமண். முன்பெல்லாம் திட்டிக்கொண்டே அதைச் சுரண்டிக் கழுவுவேன். இந்த மாதம் அந்தத் தொல்லை இல்லை என்று எனக்கு நிம்மதி. உள்ளே அவர் காலை ஸ்டூல் மேல் நீட்டி, முழங்காலில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சரிவுக்கு இன்னிக்கு எறங்குனீங்களா?" என்றேன்.

"ஏன் கேக்கற?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் முழங்காலைப் பார்த்தார். "எறங்கினா ஏற முடியலடி. உயிரே போகுது. மேல நின்னு பாத்துட்டு வந்துடறேன்."

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும்."

"டிக் மட்டும் போடுவீங்களா?"

"தினம் சாப்பிடறப்ப உன்னைத்தானே கேக்கறேன், லைன் எப்படி இருக்குன்னு? நீதானே ஒண்ணுமில்லன்னு சொல்ற? அதை நம்பித்தானே போட்டேன்!"

"உங்க டிக்கை நம்பித்தானே நான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்!"

பத்தொன்பது நாளாகக் கணக்கு குறைவதையும், இன்று அழுத்தம் நிற்காமல் இறங்கியதையும் சொன்னேன். இந்தக் கூத்து வேறு யார் வீட்டிலாவது நடந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். இன்னும் பதினோரு மாதத்தில் அவருக்கு ஓய்வு. நடக்காமலே டிக் போட்டார் என்று தெரிந்தால் பதினோரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

"நாளைக்குக் காலையில எப்படியாவது எறங்கிப் பாத்துடறேன்," என்றார். "அப்பதான் கசிய ஆரம்பிச்சிருக்குன்னு எழுதிடலாம். யாருக்கும் தெரியாது."

"ஏழு மணிக்கு மறுபடி ஓட்டம் தொடங்கிடுவாங்க."

"ஒரே ஒரு ராத்திரிதானே."

கெஞ்சினார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடலாமா என்றிருந்தது. உடம்பும் மனசும் அவ்வளவு அலுத்துப் போயிருந்தன.

"முதல்ல போய்ப் பாக்கலாம், எழுந்திருங்க," என்றேன்.

வெயில் இன்னும் இருந்தது. சரிவில் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒருக்களித்து ஒருக்களித்து இறங்கினார். பன்னிரண்டாம் கல்லை நெருங்கும்போதே வாடை முகத்தில் அடித்தது. ஒரு பாய் அகலத்துக்குப் புல் கருகிக் கிடந்தது. பள்ளத்துத் தண்ணீரில் வண்ண வண்ணமாக எண்ணெய்ப் படலம். அந்தத் தண்ணீர் கீழே இருந்த நாற்றுப்பண்ணை வேலிக்குள் போயிற்று.

பண்ணைக்காரம்மா எங்களைப் பார்த்து வேலியருகே ஓடி வந்தாள்.

"வாங்கண்ணே! எங்க ஆளையே காணோம்? பத்து நாளா எங்க கிணத்துத் தண்ணி டீசல் வாடை அடிக்குது. ஆபீசுக்குப் போன் போடலாம்னு வீட்டுக்காரர் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். தினம் வர்ற அண்ணன், இன்னிக்கு வருவாரு, நாளைக்கு வருவாருன்னு பாத்துட்டே இருந்தேன். உடம்பு சரியில்லையா?"

"ஆமாம்மா," என்றார் அவர்.

அந்தக் களிமண்ணிலேயே கல்லில் சாய்ந்து உட்கார்ந்தார். போனை எடுத்து மேலதிகாரியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பன்னெண்டாம் கல்லுகிட்ட கசியுது. ஏழு மணி ஓட்டத்தை நிறுத்திடுங்க. கீழ ஒரு கிணறும் கெட்டுப்போச்சு."

"எப்பலருந்து?"

அவர் என்னைப் பார்த்தார். இன்றைக்குத்தான் என்று அவர் சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அது சத்தியம்.

"பத்தொம்பது நாளாச்சு சார். நான் இங்க வரவேயில்ல. சும்மா டிக் போட்டுட்டேன்."

பிறகு மேலதிகாரி கேட்டார்: "நீங்க நடக்கலன்னு உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்," என்றார் அவர் அவசரமாக. "அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

என்னைக் காப்பாற்றுகிறாராம். நான் அவர் காலைப் பார்த்தேன். கணுக்கால் வரை களிமண் அப்பியிருந்தது. ஒரு தடவை இறங்கினாலே இவ்வளவு ஒட்டும். பத்தொன்பது நாளாக அந்த பூட்ஸை வாசலில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன் மண் இல்லை என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று எனக்குள் ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருந்தது.

அவர் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"எனக்குத் தெரியும் சார்," என்றேன்.