கட்டுமரத்துக்குத் தனி கிளாஸ்

தாமோதரன் நெம்மேலிக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவன் என்பது செங்கல்பட்டு அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. மதுராந்தகம் பக்கம் என்று சொல்லி வைத்திருந்தான். மீன் வாடை என்று மூக்கைச் சுளிக்கும் முகங்களைக் கல்லூரியிலேயே போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்திருந்தான்.

எழுபத்தாறில் அவன் பிறந்த அந்தக் கடற்கரைக்கே படகுத்துறைத் திட்டம் வந்தது. அலையைத் தடுக்கும் கல்சுவரை எங்கே எழுப்பலாம் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார் பொறியாளர் ஜானகிராமன். சிமுலா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதும் வேலை தாமோதரனுக்கும் உடன் வேலை பார்த்த சாராளுக்கும் வந்தது. எழுதியதை அட்டைகளில் துளையிட்டு அனுப்பினால் சென்னையில் ஓட்டித் தருவார்கள்.

மொழி இருவருக்கும் புதுசு. முதலில் பிடித்துக்கொண்டவள் சாராள்தான்.

"படகுன்னா எப்படி இருக்கும், என்ன செய்யும்னு எழுதி வைக்கிறது கிளாஸ். அதை வச்சு எத்தனை படகு வேணும்னாலும் உண்டாக்கலாம். ஒவ்வொண்ணும் ஒரு ஆப்ஜெக்ட். அதோட மீன், அதோட தூரம் அதுக்கு மட்டும்தான். எதைப் பார்த்து 'கரையேறு'ன்னு கூப்பிடறோமோ அதுதான் ஏறும்."

தாமோதரன் படகுக்கு கிளாஸ் எழுதினான். 'கரையேறு' என்றால் இன்ஜினைத் தணித்துச் சுவரின் இடைவெளி வழியாக உள்ளே வர வேண்டும். சாராள் படித்துப் பார்த்து யோசித்தாள்.

"அங்க கட்டுமரமும் இருக்கே தாமோதரன், அதுக்கு ஏது இன்ஜின்? படகுக்குக் கீழே கட்டுமரம்னு தனி கிளாஸ் போடலாம். கூப்பிடற பேர் அதே 'கரையேறு'தான், ஆனா அது தன் வழியில ஏறும். எப்படி ஏறும்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். அலையின் முதுகில் ஏறி, அது உடையும்போது மணலில் சறுக்கி நிற்கும். அண்ணன் வேண்டாவோடு அப்படி எத்தனையோ காலை வந்திருக்கிறான். சொல்ல வாயெடுத்தான். எதிரே ஜானகிராமன் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கெப்படித் தெரியும்? எல்லாம் படகுதானே," என்றான்.

எல்லாவற்றையும் படகாகவே எண்ணிய அந்தக் கணக்கின்படி, கட்டுமரங்கள் ஏறும் மணலின் குறுக்கேயே சுவர் வந்தது. கடல் கொந்தளித்த ஒரு நாள் வேண்டாவின் கட்டுமரத்தை அலை தூக்கிக் கற்களில் அடித்தது. அவன் இடது கால் முறிந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்த தாமோதரன் நேராக அலுவலகம் போய்க் கட்டுமரத்துக்குத் தனி கிளாஸ் எழுதினான். சில நாள் கழித்துச் சென்னையிலிருந்து வந்த முடிவில் ஒரு கட்டுமரம்கூடச் சரியாகக் கரையேறவில்லை.

"கட்டின சுவரை இடிக்கவா சொல்றே? இவ்வளவு தெரிஞ்சவன் அப்பவே ஏன்யா சொல்லலே?" என்றார் ஜானகிராமன்.

"அது எங்க ஊரு சார்."

 

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"சொவத்துக்கு இடம் பாத்த கணக்கு நான் போட்டதுண்ணா."

வேண்டா கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தான். "கணக்குல நம்ம மரத்த மறந்துட்டியாடா தாமு?"

"மறக்கல. சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு."

"இன்னாடா வெக்கம் அதுல? அந்த மரந்தானடா உன்னப் படிக்க வெச்சுது."

கால் கூடியும் வேண்டாவால் அலையில் நிற்க முடியவில்லை. மரத்தை விற்றுவிட்டு முட்டுக்காட்டில் மச்சான் வீட்டோடு போய் வலை பின்னினான். தாமோதரன் பார்க்கப் போகும்போதெல்லாம் அவனுக்குச் சோறு போட்டான், ஊர்க்கதை பேசினான். கடல்மேல் போன கதை எதையும் அதற்குப்பின் அவனிடம் சொன்னதில்லை.