பேர் வைக்காத நோய்

லத்தீபாவின் நிக்காஹுக்கு மூன்று நாள் இருந்தது. அவள் அத்தா கௌஸ் மைதீனுக்கோ கணுக்கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறிவிட்டது. வயிறு நிறைமாதக்காரியின் வயிறு போலத் தள்ளி நின்றது. "பாய் சாராயக்கடைக்குப் பின்வாசல் வழியா போறாராமே" என்று பழவேற்காட்டுக் கடைத்தெருவே பேசியது. வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனிதர்.

பட்டணத்து டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்டார். மனைவி ஆமினா பீவி குரான்மேல் சத்தியம் செய்த பிறகே பழைய கதைக்கு வந்தார். பதினைந்து வருஷம் முன்பு, அறுபத்தொன்பதில், முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து தொடை கிழிந்தபோது மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியிருந்தார்கள்.

"அந்த ரத்தத்துல வந்த காமாலைக் கிருமிம்மா. ஏ வகையும் இல்ல, பி வகையும் இல்ல. இதுக்கு இன்னும் பேரே வைக்கல. சத்தமில்லாம ஈரலைத் தின்னுட்டுது. ஈரல் கழிக்காத விஷம் மூளைக்கு ஏறினா பேச்சு குழறும். உப்பு ஆகாது. கறி, மீன் தின்னா அந்த விஷம் கூடும், கொஞ்சமா குடுங்க."

"குடிக்கலன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார்."

இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். அதைத் தாயத்துப் போல முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மாப்பிள்ளையின் அத்தா கலந்தர் எளாவூர்க்காரர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஊர் ஆயிரம் பேசும். சபையில ஹஜ்ரத் 'பொண்ணைக் குடுத்தீங்களா'ன்னு கேக்கும்போது பாய் தெளிவா 'குடுத்தேன்'னு சொல்லட்டும், போதும்."

அந்த ஒரு சொல்லுக்குத் தெம்பு வேண்டுமே. ஏரிக்கரையில் பிறந்தவன் கஞ்சி குடித்துவிட்டுச் சபையில் எப்படி உட்காருவான்? சினை மடவை மீனாகப் பார்த்து வாங்கி, மூன்று நாளும் மூன்று வேளையும் குழம்பு வைத்து ஊட்டினாள் ஆமினா பீவி.

"உப்பில்லாத மடவையா? ஏரி கேட்டா சிரிக்கும்டி" என்றார் அவர்.

"சிரிக்கட்டும். தின்னுங்க."

வெள்ளிக்கிழமை நிக்காஹ் சபையில் ஹஜ்ரத் இரண்டு தரம் கேட்டார். கௌஸ் மைதீன் பந்தலைப் பார்த்தார். நீட்டிய கைகள் சிறகடிப்பது போலத் துடித்தன. "வலைய... இழுங்கடா..." நாக்கு புரண்டது. வாயிலிருந்து அழுகிய பழம் போல ஒரு வாடை. பக்கத்திலிருந்த கலந்தர் துண்டால் மூக்கைப் பொத்தினார்.

"இன்னா பாய், இன்னிக்குமா?"

திரையைத் தள்ளிக்கொண்டு ஆமினா பீவி ஓடிவந்தாள். "நோவுங்க அது! சீட்டு கீது, படிங்க!"

சீட்டு கைமாறிக் கைமாறிப் போனது. "இங்கிலீஷ்ல ஏ, பி-ன்னு இன்னாவோ எழுதிகீது" என்றார் ஒருவர். கலந்தர் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை குனிந்த தலையோடு அவர் பின்னால் எழுந்து போனான்.

வேன் கிளம்பும் சத்தம் கேட்டபோதுதான் டாக்டர் சொன்னது அவளுக்கு முழுசாக ஞாபகம் வந்தது. உப்பை மட்டும் பிடித்துக்கொண்டாள். மீனைப் பற்றிச் சொன்னதை மறந்துவிட்டாள். ஏரிக்கரையில் மீனை யார் விஷமென்று நினைப்பார்கள்?

உள்ளே லத்தீபா வளையல்களைக் கழற்றும் சத்தம். ஆமினா பீவி அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டாள்.

காலிக் கோரைப்பாய்களைப் பார்த்துக் கௌஸ் மைதீன் வாய் திறந்தார்.

"குடுத்தேன்" என்றார், தெளிவாக.