எலுமிச்சை நலுங்கு

பூ வைக்க வந்தவர்கள் தாம்பாளத்தில் பூவும் பழமும் புடவையும் கொண்டுவந்திருந்தார்கள். தாம்பாளத்துக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பையும் இருந்தது. அதை மாப்பிள்ளையின் அம்மா கஸ்தூரியம்மாள் யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கி வந்திருந்தாள்.

அவர்கள் சின்னமனூர்; மாப்பிள்ளையும் கூட வந்திருந்தான். பெண் வீடு வடுகபட்டியில், பூண்டு மண்டிக்குப் பின் தெரு. பெண் பாண்டீஸ்வரி அந்த மண்டியில் எடை பார்க்கிறாள்.

பெண் பார்க்க வந்தபோது அவள் முகம் வெளுப்பாக இருந்தது. இரண்டு வருஷமாகப் பூசிய கிரீம். அதற்குப் பிறகுதான் வெயிலில் நின்றால் எரிய ஆரம்பித்தது. கன்னத்தில் நரம்பு தெரிந்தது. தேனியில் தோல் டாக்டரம்மா ட்யூபில் இருந்ததைப் படித்துவிட்டு அதைக் குப்பையில் போட்டார். "உள்ள ஸ்டீராய்டு இருக்கு. தோல் மெலிஞ்சு போச்சு. எலுமிச்சை, மஞ்சள்னு எதையும் தேய்க்காத. ஆற விடு."

விட்டாள். முகம் சிவந்தது, உரிந்தது, ஆறியது. ஆறிய இடத்தில் அவளுடைய பழைய நிறம் வந்தது. சில இடங்களில் அதைவிடக் கறுப்பு.

கஸ்தூரியம்மாள் அவளை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"என்னத்தா இப்படி ஆயிட்ட?"

"கிரீமை விட்டுட்டேன் அத்தை."

"நல்லதுதான். அந்தக் கெமிக்கல் நமக்கு எதுக்கு?"

பையைத் திறந்தாள். பாசிப்பயறு மாவு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, ஒரு டப்பா தயிர், அரை டஜன் எலுமிச்சம்பழம்.

"எல்லாம் இயற்கை. நலுங்கை இன்னைக்கே வச்சிருவோம். அப்பறம் தெனமும் பூசட்டும். வெளுக்கவும் தேதி குறிப்போம்."

பாண்டீஸ்வரியின் அம்மா கருத்தம்மாள் மெதுவாகக் கேட்டாள். "வைகாசின்னு பேசுனமே மதினி?"

"பொண்ணு பாத்தன்னிக்கு எடுத்த போட்டோவை நாலு பேரு பாத்திருக்காக மதினி. மேடையில வேற ஆளு நிக்கிறாளேன்னு கேப்பாகல்ல?"

கருத்தம்மாள் பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பாண்டீஸ்வரி பின்னால் போனாள். அம்மா அதற்குள் ஒரு பழத்தை நறுக்கியிருந்தாள்.

"ஒருக்காத்தான? பூசிக்க. அவுக போனதும் கழுவிரு."

"எரியும்மா. உரிஞ்சு தொங்குனத நீ பாத்தீல்ல."

"கல்யாணம் நின்னு போச்சுன்னா அது எரியாதா?"

கல்யாணம் நிற்பதைப் பாண்டீஸ்வரியும் விரும்பவில்லை. மாப்பிள்ளை ஈஸ்வரபாண்டிக்கு வாழைத்தார் வியாபாரம். லோடு ஏற்றும் சத்தத்துக்கு நடுவே போனில் கத்திக் கத்திப் பேசுவான். அவளுக்கு அது பிடித்திருந்தது. முகத்தைப் பற்றி அவனிடம் எல்லாம் சொல்லியிருந்தாள். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றான். சொல்லவில்லை என்று இன்றைக்குத் தெரிந்தது.

கூடத்தில் பலகை போட்டார்கள். பாண்டீஸ்வரி உட்கார்ந்தாள். கஸ்தூரியம்மாள் கிண்ணத்தில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து மாவைக் குழைத்தாள். விரலில் எடுத்துக் கிட்டே வந்தாள்.

பாண்டீஸ்வரி முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நலுங்குன்னா ரெண்டு பேருக்குந்தான அத்தை?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அவுகளையும் உக்காரச் சொல்லுங்க. மொதல்ல அவுகளுக்கு."

"ஆம்பளைக்கு நிறம் எதுக்குத்தா?"

மாப்பிள்ளையின் தங்கச்சி ஜோதிலட்சுமி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "ஏம்மா, அண்ணன் மட்டும் என்ன வெள்ளைக்காரனா? புதுசாப் போட்ட தார் ரோடு மாதிரி இருக்கு. வாண்ணே, உக்காரு."

வந்தவர்கள் சிரித்தார்கள். ஈஸ்வரபாண்டியும் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். விசேஷத்துக்கு வருவதற்காகக் காலையில்தான் சவரம் செய்திருந்தான். ஜோதிலட்சுமி கை நிறைய அள்ளி இரண்டு கன்னத்திலும் தாடையிலும் அப்பினாள்.

அவன் சிரிப்பு நின்றது. பல்லைக் கடித்தான். கண்ணில் நீர் வந்தது.

"ஏலே, என்னலே?"

"எரியுதும்மா."

"செரச்ச மூஞ்சில்ல. அப்படித்தான் இருக்கும்."

"எனக்குச் செரைக்காமலே எரியும் அத்தை" என்றாள் பாண்டீஸ்வரி.

கஸ்தூரியம்மாள் அவள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் இயற்கைதானத்தா."

"எருக்கம்பாலுகூட இயற்கைதான். அதை யாரும் மூஞ்சில பூசுறதில்ல. பயத்த மாவு தேச்சுக் குளிக்க எனக்கும் பிடிக்கும். அழுக்குப் போகும். நிறம் போகாது. போக வேணாம்."

"உன் நல்லதுக்குத்தான சொல்றேன்."

"வெளுக்கலைன்னா?"

கஸ்தூரியம்மாள் விரலில் இருந்த மாவைத் துடைத்தாள்.

"கிரீமு செஞ்சதை எலுமிச்சம்பழம் செய்யணும்னு பாக்குறீக. ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்." பாண்டீஸ்வரி பலகையிலிருந்து எழுந்தாள். "போட்டோவுல இருக்கவ இனி வரமாட்டா. இங்கன நிக்கிறவளுக்கு வைகாசியில கல்யாணம்னு பேச்சு. பிடிச்சா பூ வைங்க. பிடிக்கலைன்னா எடுத்துட்டுப் போங்க. வெளுக்கட்டும்னு தள்ளி மட்டும் போடாதீக."

"பாண்டீஸ்" என்றாள் கருத்தம்மாள்.

வந்த பெண்களில் ஒருத்தி, "வாயப் பாரு" என்றாள். இன்னொருத்தி, "கேட்டதுல தப்பென்ன?" என்றாள்.

எல்லோரும் ஈஸ்வரபாண்டியைப் பார்த்தார்கள். மாவு காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்புக்கு நடுவே தோல் சிவந்திருந்தது. அவன் பாண்டீஸ்வரியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட முன்னயே சொல்லுச்சும்மா" என்றான். "நாந்தான் உங்கிட்டச் சொல்லல."

"இப்பச் சொல்லு."

"வைகாசிதான். பூவ வையி. நான் மூஞ்சியக் கழுவணும்."

எழுந்து கொல்லைக் குழாய்க்கு ஓடினான். ஜோதிலட்சுமி துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

கஸ்தூரியம்மாள் தாம்பாளத்திலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தாள். கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். அவள் குள்ளம். பாண்டீஸ்வரி அவளைவிட ஒரு சாண் உயரம்.

"குனி, ஆத்தா."

"எட்டும் அத்தை."

கஸ்தூரியம்மாள் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குதிகாலை உயர்த்தினாள்.