டாக்டர் காலுக்கு மட்டும் அணையும் வண்டி

பல் டாக்டரின் புதுக் கார், ஷோரூமிலிருந்து எடுத்து வந்த அன்றே, முதல் சிக்னலில் ஒரு உதறு உதறிவிட்டு நின்றுபோனது. தப்பு காருடையது இல்லை. கிளட்சிலிருந்து காலைப் படக்கென்று எடுத்த டாக்டருடையது. இருபது வருஷமாக அந்தக் கால் பழகியது பல் ராவும் மெஷினின் பெடலோடு. மிதித்தால் சுற்றும், எடுத்தால் நிற்கும், நடுவில் எதுவும் கிடையாது. அதனிடம் போய்க் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு என்றால் அது எங்கே போகும்?

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தே அவருடைய பரம்பரையை விசாரித்தன. பதறிப்போய்க் கிளட்சை மிதித்தார். சாவியைத் தொடாமலே இன்ஜின் மறுபடி ஓட ஆரம்பித்தது. என்ன ஆச்சு என்று பக்கத்தில் இருந்த மனைவி கேட்டாள். எனக்குச் சரியாக ஓட்ட வரவில்லை என்று அப்போதே சொல்லித் தொலைத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். டாக்டருக்கு வாய் வரவில்லை. ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவர் தன் வாயைத் திறந்து சொன்னது இதுதான்: பெட்ரோல் வீணாகக் கூடாதென்று வண்டி தன்னையே அணைத்துக்கொள்கிறது, கிளட்சை மிதித்தால் தானே எழுந்துகொள்ளும், எல்லாம் புது வசதி.

அப்படி ஒரு வசதி அந்த வண்டியில் நிஜமாகவே இருந்தது என்பதுதான் கூத்து. அணைந்த இன்ஜினைக் கிளட்சை மிதித்ததும் கிளப்பிவிட்டது அதுதான். ஆனால் அது தானாக அணைக்க வேண்டுமென்றால், வண்டி நின்றதும் கியரை நியூட்ரலில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுக்க வேண்டும். டாக்டர் ஒரு நாளும் அப்படிச் செய்தவர் இல்லை. அணைகிற வண்டி எதற்காக இப்படித் தூக்கிப் போடுகிறது என்று மனைவி கேட்டதற்கு, அணையப் போகிறேன் என்று முன்கூட்டியே தெரிவிக்கிறது என்றார். எவ்வளவு மரியாதையான வண்டி, பாருங்கள்.

மனைவி தையல் கடை வைத்திருந்தாள். அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம், கையை உயர்த்தச் சொல்லி டேப்பைச் சுற்றியபடியே, தங்கள் காரின் பெருமையைச் சொன்னாள். ஒரு தெருவைக் கடப்பதற்குள் நாலு தடவை அணையுமாம், அவ்வளவு சிக்கனமாம்.

அதோடு நின்றிருந்தால் டாக்டர் தப்பித்திருப்பார். மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். தையல் மெஷின் பெடலை ஒரு தையலுக்கு இவ்வளவு, அரைத் தையலுக்கு இவ்வளவு என்று அளந்து மிதித்த கால் அது. கிளட்ச் அந்தக் கால் சொன்னபடி கேட்டது. முதல் தடவையிலேயே லைசென்ஸ் கிடைத்தது. இனிமேல் துணி மூட்டையோடு பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் பத்து நாள் தாங்கியது. அவள் ஓட்டும்போது வண்டி அணையவே இல்லை. கிளம்பும்போது குலுங்கவில்லை. சிக்னலில் அவள் கிளட்சை மிதித்தபடியே காத்திருப்பாள், அதனால் அந்த நிஜ வசதிக்கும் வேலை இல்லை. இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதை டாக்டர் கிளினிக்கில் பல் செட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

மூன்று மாதம் அவள் தன்னிடமே குறை தேடினாள். செருப்பை மாற்றினாள். சீட்டை முன்னால் தள்ளிப் பார்த்தாள், பின்னால் தள்ளிப் பார்த்தாள். ஒரு வாரம் முழுக்க வெறுங்காலோடு ஓட்டினாள். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் ஒரு முடிவோடு வந்து நின்றாள்.

"சர்வீஸ்ல ஒரு தடவை காட்டிடலாங்க. வண்டியில குறை இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா, குறை என்கிட்டதான். அப்புறம் நான் ஓட்டுறதா இல்ல. பழையபடி பஸ்லயே போயிக்கறேன்."

சர்வீஸ் சென்டரில் வந்த மெக்கானிக்கைப் பார்த்ததும் டாக்டருக்குப் பாதி உயிர் திரும்பியது. அந்த மெக்கானிக்கின் கடைவாய்ப் பல்லுக்கு டாக்டர் செய்துவந்த வேர் சிகிச்சை பாதியில் இருந்தது. அடுத்த புதன்கிழமை அவர் டாக்டர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு படுத்தாக வேண்டும்.

மெக்கானிக் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். முதலில் மனைவி ஒரு சுற்று ஓட்டினாள். வண்டி ஒரு தடவைகூட அணையவில்லை. அடுத்து டாக்டர் உட்கார்ந்தார். கேட்டில் ஒன்று, வளைவில் ஒன்று, வேகத்தடையில் இரண்டு, திரும்பி வந்து நிறுத்துவதற்குள் மொத்தம் ஆறு. ஆறு தடவையும் மெக்கானிக்கின் தலை முன் சீட்டில் போய் முட்டியது.

"பாத்தீங்களா, அவருக்கு மட்டும் எப்படி வேலை செய்யுதுன்னு," என்றாள் மனைவி.

மெக்கானிக்குக் கேட்டிலேயே புரிந்துவிட்டது. கண்ணாடியில் டாக்டரைப் பார்த்தார். டாக்டரின் கண்கள் கெஞ்சின. கெஞ்சினவா, புதன்கிழமையை ஞாபகப்படுத்தினவா என்று அவருக்குப் பிடிபடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, சில வண்டிகள் ஓட்டுகிறவரின் எடையைப் பார்க்கும், டாக்டர் கொஞ்சம் கனமான ஆள், மற்றபடி வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

மூன்று பேரும் இறங்கினார்கள். கார் சாவிக்கென்று மனைவி மிச்சத் துணியில் ஒரு சின்ன உறை தைத்து வைத்திருந்தாள். உறையோடு சாவியை எடுத்து டாக்டரின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் அவள் நிற்பதை நினைத்தபோது டாக்டருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"வண்டி அணையலம்மா," என்றார். "நான்தான் அணைக்கிறேன். ஒவ்வொரு தடவையும். எனக்குக் கிளட்ச் விடத் தெரியல. நீ நல்லா ஓட்டுற, அதனாலதான் உனக்கு அணையல."



"எப்பலேருந்து?"

"முதல் சிக்னல்லேருந்து."

"ஒரு வாரம் வெறுங்காலோட ஓட்டினேன். அப்பவும் பக்கத்துலதான இருந்தீங்க?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி மெக்கானிக் பக்கம் திரும்பினாள். எடை என்று என்னவோ சொன்னீர்களே என்று கேட்டாள். மெக்கானிக் திடீரென்று பல் வலி வந்தவர்போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பேச்சை மாற்ற நினைத்து படிவத்தைக் கையில் எடுத்து, குறை என்று போட்டிருக்கும் இடத்தில் என்ன எழுதட்டும் என்று பவ்யமாகக் கேட்டார்.

அவள் டாக்டரின் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"வண்டியில குறை இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இவர் பேரை எழுதிக்கோங்க. இங்கயே விட்டுட்டுப் போறேன். கிளட்ச் விடக் கத்துக்கிட்டதும் போன் பண்ணுங்க, வந்து எடுத்துக்கறேன்."

கேட்டருகே இருந்த மேட்டில் வண்டி ஒரு குலுங்கல் இல்லாமல் ஏறி, தெருவில் இறங்கி, சாவகாசமாகத் திரும்பியது. டாக்டர் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் பொறுப்பானவர். சர்வீசுக்கு விட்ட வண்டிகளின் கண்ணாடியில் ஒட்டும் நம்பர் சீட்டில் ஒன்றைக் கிழித்து, டாக்டரின் சட்டைப் பைமேல் ஒட்டினார்.